பாதை சரி

"வண்டி நின்னுபோச்சுன்னா பாதை செத்துப்போவாது. பாதை எப்பச் சாவும்னா..." இந்த இடத்தில்தான் தியாகேசனுக்கு ஒவ்வொரு தடவையும் அறுந்துபோகிறது. அப்பா அதற்கு மேல் ஏதோ சொன்னார், அது நிச்சயம். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உட்காருகிற மனுஷர் இல்லை அவர். அதிகம் பேசுகிறவரும் இல்லை, அன்றைக்குப் பேசியதே மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். தொண்ணூற்றாறாம் வருஷம், குறிச்சி ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டுக்குள் பெஞ்சு போட்டு, வாடகை மைக் வைத்து, தினம் தண்டவாளத்தைப் பார்த்து நடக்கிற பக்கிரிசாமி கீமேனுக்குப் பணிநிறைவு விழா. மிக்சர், டீ, ஒரு சந்தன மாலை. அப்பா மைக்கைச் சுத்தியல் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். 'பாதை எப்பச் சாவும்னா' என்ற அந்த நிமிஷத்தில் தியாகேசன் வாசல் பக்கம் திரும்பிவிட்டான். வெளியே வேப்ப மரத்தடியில் அத்தானோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வராமல், இடுப்பில் பிள்ளையோடு. அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மேடையைப் பார்ப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக மீதியைத் தானே போட்டு நிரப்பிப் பார்க்கிறான். தண்டவாளத்தைப் பெயர்த்தா. கீமேனை வீட்டுக்கு அனுப்பினா. ஜனங்க மறந்தா. ஒன்றும் அப்பாவின் வாயில் பொருந்தவில்லை. அவர் அப்படி அழகாகவெல்லாம் பேசமாட்டார். அவர் வாயில் பொருந்துவது இரண்டே சொல்தான், அதுகூட வாயில் இல்லை, கையில்: பாதை சரி.

அந்த இரண்டு சொல் மூவாயிரம் தடவைக்கு மேல் எழுதப்பட்ட ஒன்பது டைரிகளும் இப்போது அவன் மடியில் இருந்தன, ஒரு ரெக்சின் பைக்குள், சணல் கயிற்றால் கட்டி. சாமந்தான்துறை பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மணி ஒன்பது நாற்பத்தைந்து. குறிச்சிக்குப் போக ஐம்பது நிமிஷம், அங்கே பதினொன்றரைக்கு கோட்டாட்சியர் ஆபீசில் விசாரணை. ஷேர் ஆட்டோவில் போனால் இருபத்தைந்து நிமிஷத்தில் போய்விடலாம். "நம்ம பஸ்சு இருக்கும்போது ஆட்டோ என்னத்துக்கு மாப்ள?" என்று அத்தான் நேற்றுச் சாயங்காலமே சொல்லிவிட்டார், இன்று காலையில் மறுபடி சொன்னார், சட்டைப் பித்தான் போடும்போது மூன்றாவது தடவையாகச் சொன்னார். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்கிற ஆளா மதியழகன் அத்தான்? முப்பத்தைந்து வருஷம் ஒரே ரூட்டில் கண்டக்டர். வாயைத் திறக்காமல் விசிலாலேயே குடும்பம் நடத்துகிறவர் என்று அக்காவே சொல்வாள். அவர் ஏன் மூன்று தடவை சொன்னார். பஸ் ஏறியதும் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பின் படிக்கட்டுக்கு அடுத்த சீட்டைக் காட்டினார். தன் கண்ணுக்கு நேராக இருக்கிற சீட்டு. டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்னால் போகிறார், ஆனால் நாலு சீட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். பையைத்தான். தியாகேசன் பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். வைத்ததும், இப்படி வைப்பதால்தான் உள்ளே முக்கியமானது இருக்கிறதென்று தெரியும் என்று தோன்றி ஒரு கையை எடுத்தான்.

பஸ் வேகம் குறைந்து நின்றது. மேலகேட். கேட் என்று ஒன்றும் கிடையாது, ரோட்டில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் கருவேலம், அதற்குள் ஒரு சிமெண்டுத் தூண். எண்பத்தேழோடு சாமந்தான்துறைக்கு ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தைத் தொண்ணூற்றாறில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அத்தான் இறங்கினார். மேட்டுக்கு நடுவில் போய் நின்று வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், கையைத் தூக்கி விசில் ஊதினார். பஸ் மேட்டில் ஏறி இறங்கியது, அவர் ஓடிவந்து தொற்றிக்கொண்டார். இந்தக் கூத்து இந்த ரூட்டில் மூன்று இடத்தில் நடக்கும். ஆளில்லாத கேட்டில் கண்டக்டர் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது விதிதான், ரயில் ஓடுகிற காலத்து விதி. இப்போது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. டிரைவர் அன்வர் பாய், நிற்காமல் போனால் அன்றைக்கு வண்டி பஞ்சராகும் என்கிறார். "தொர, எக்ஸ்பிரஸ் போயிடுச்சா?" என்று மீன் கூடைக்காரி சந்தனமேரி கேட்டாள், தினமும் கேட்கிறவள் போல. "லேட்டாம்," என்றார் அத்தான், அதே முகத்தோடு. பஸ் சிரித்தது. தியாகேசன் சிரிக்கவில்லை, ஏனென்றால் இரண்டு சீட்டுக்கு முன்னால் பழுப்பு ஃபைல் வைத்திருந்த ஒரு ஆள் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி முழுவதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். படம் எதற்கு? யாருக்குக் காட்ட? 'பாருங்கள் ஐயா, இன்றைக்கும் பஸ் நின்று போகிறது, ஊரே இதைப் பாதை என்றுதான் நினைக்கிறது' என்று விசாரணையில் எடுத்துப் போட்டால்? ரயில்வே சர்வேயராக இருக்கலாம். ஷூ போட்டிருந்தான். இந்த பஸ்ஸில் ஷூ போட்டவர்கள் அவனும் தியாகேசனும்தான்.

விசாரணை ஐந்து சொல்லைப் பற்றியது. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். பழைய ரயில் மேட்டில் நாற்பத்தொரு வீடு இருக்கிறது, அதில் அக்கா வீடும் ஒன்று, அதுதான் முதல் வீடு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது, வீட்டுக்காரர்கள் எதிர்த்து மனுப் போட்டார்கள், ஆபீசிலிருந்து ஒரு படிவம் கொடுத்தார்கள். மேற்படி பாதையின் நிலை என்ன, எந்த நாளிலிருந்து, யாருடைய பதிவின்படி? இயக்கமற்றது, போக்குவரத்து நிறுத்திவைக்கப்பட்டது, மூடப்பட்டது, கைவிடப்பட்டது, பெயர்த்தெடுக்கப்பட்டது. ஒன்றில் குறியிடுக. கேட்பதற்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதல் மூன்றில் எதில் குறியிட்டாலும் நிலம் இன்னும் ரயில்வேயின் கையிலேயே இருக்கிறது, ரயில் நாளைக்கே வரலாம் என்று அர்த்தம், மேலே இருப்பவர்கள் திருடர்கள். கடைசியில் குறியிட்டால் தொண்ணூற்றாறு என்று தேதி தானாக விழும். ரயில்வே சொல்வதும் அதைத்தான். நாலாவதுதான் வேண்டும் என்றார் வக்கீல் ரெஜினா. "கைவிட்டாங்க, அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல நாங்க இருக்கோம், இதை நிரூபிச்சா போதும் சார். தொண்ணூத்தாறுன்னா இருபத்தெட்டுதான் வருது, போச்சு. எம்பத்தேழுன்னு போடப்போறோம், கடைசி வண்டி போன நாள். அப்புறம் ரயில்வே ஆளு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலைன்னு." சொல்லிவிட்டு, இரண்டு பாஷை படித்த ஆள் என்று ஐந்து சொல்லுக்கும் எளிய தமிழில் விளக்கம் எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தார். அவனும் எழுதினான், நாற்பத்தொரு வீட்டுக்கும் படித்துக் காட்டினான். ஆனால் எண்பத்தேழுக்கு அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது பொய். அவன் அப்பா பார்த்தார். ரயில் நின்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலச் சுத்தியல், பச்சைக் கொடி, சிவப்புக் கொடியோடு கிளம்பினார். தண்டவாளத்தைக் கட்டையோடு கவ்விப் பிடிக்கிற இரும்புச் சாவிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பினார். ஒன்பது வருஷம், ஒரு வண்டியும் வராத பாதையில். ஏனென்றால் நிறுத்து என்று அவருக்கு யாரும் தாள் அனுப்பவில்லை. தினமும் டைரியில் எழுதினார். அந்த டைரி மேசை மேல் போனால் ரயில்வே கைவிட்டது என்ற பேச்சே நிற்காது, நாற்பத்தொரு வீடும் போகும். போகாவிட்டால், அப்படி ஒரு மனுஷன் நடக்கவேயில்லை என்று மகனே கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

இங்கிலாந்தில் அவன் வேலை பார்த்த நூலகத்தில் வியாழக்கிழமை தோறும் ஆறேழு கிழவர்கள் கூடுவார்கள். அந்த ஜில்லாவில் செத்துப்போன ரயில் பாதைகளுக்கெல்லாம் பட்டியல் போடுவது அவர்கள் பொழுதுபோக்கு. மூடியதா, பயனற்றதா, பிடுங்கியதா என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், அடுத்த வியாழக்கிழமை வந்துவிடுவார். பழைய வரைபடங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான், சோற்றுக்குக் கவலையில்லாத சண்டை என்று. எங்கப்பா அப்படி ஒரு பாதையில் ஒன்பது வருஷம் நடந்தார் என்று அவர்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வெட்கமா? போன வாரம் அந்த விளக்கத் தாளை அக்காவுக்குப் படித்துக் காட்டியபோது, அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், "நீ எந்த வகை தம்பி?" என்றாள். "என்னக்கா?" "இருபத்து மூணு வருஷம் அங்கன இருந்தியே. அப்பா சாவுக்கும் வரல. நிறுத்திவச்சதா, மூடுனதா, கைவிட்டதா? குறி போடு பாப்போம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பையும் அவனால் நம்ப முடியவில்லை. இவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவன் எப்போது தடுக்கி விழுவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில், அடுப்படி நிலைப்படியாகக் கிடப்பது தண்டவாளம்தான். பெயர்க்க வந்த காண்டிராக்ட்காரன் சுவர் வரைக்கும் வெட்டி எடுத்தான், அந்தப் பக்கச் சுவரிலிருந்து மறுபடி வெட்டிக்கொண்டு போனான், வீட்டுக்குள் இருந்ததை விட்டுவிட்டான். துருப்பிடிக்க வேண்டிய இரும்பு. அக்காவின் காலும் பிள்ளைகளின் காலும் பட்டுப் பட்டு, ரயில் ஓடிக்கொண்டிருக்கிற பாதை மாதிரி பளபளவென்று இருக்கிறது.

இன்று காலையில் டைரிகளைக் கட்டும்போதுதான் பார்த்தான். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து டைரியில் ஒரு தாள் இல்லை. பக்கத்துக்கு ஒரு நாள்; ஜூன் ஒன்பதுக்கு அடுத்தது பன்னிரண்டு. பத்தும் பதினொன்றும் இருந்த தாள். பூச்சி அரித்ததில்லை, நனைந்து உதிர்ந்ததில்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. அப்பா இறந்ததிலிருந்து அந்த டிரங்குப் பெட்டி அக்கா வீட்டில்தான், சாவி அக்காவின் தாலிக்கயிற்றில். "தம்பி வந்தா குடுன்னாரு, நான் தொறந்துகூடப் பாக்கல" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். கேட்காமலே எதற்குச் சொல்ல வேண்டும்? தொண்ணூற்றொன்று ஜூன். அக்காவும் அத்தானும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு, எந்த ஊரிலும் இடம் கிடைக்காமல், ரயில் மேட்டில் கீற்று வேய்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். கீற்று எந்தத் தேதியில் வேய்ந்தார்கள்? யாரைக் கேட்டாலும் "அந்த வைகாசியிலதான்" என்கிறார்களே தவிர நாள் சொல்வதில்லை. முப்பத்து மூன்று வருஷம் கழித்து ஒரு தாளைக் கிழிப்பதால் யாருக்கு என்ன லாபம்? முப்பத்து மூன்று வருஷம் முன்னாலேயே கிழித்திருந்தால்?

உப்புக்கேட். பஸ் நின்றது. அத்தான் இறங்கினார், வலது, இடது, கை, விசில். இந்தத் தடவை அவர் இடது பக்கம் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே உப்பளத்துக்கு நடுவே மேடு நேராகப் போய்க் கானலில் கரைந்தது. ஷூக்காரன் மறுபடியும் படம் எடுத்தான். அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த சந்தனமேரி, "எதுக்குத் தம்பி, கேஸுக்கா?" என்று கேட்டே விட்டாள். தியாகேசனுக்குக் காது அங்கேயே நின்றுகொண்டது. "சேச்சே, யூட்யூப்புக்கா. எங்க மாமியார் வீடு இந்த ஊரு. வராத ரயிலுக்கு நிக்கிற பஸ்சுன்னு போட்டா பிச்சிக்கும்." "அப்ப எம்மூஞ்சி விழுவுதா பாரு. கூடை விழுவாம எடு, மீனு நாலு நாளுன்னு தெரிஞ்சிடும்." அவ்வளவுதான். பழுப்பு ஃபைலில் இருந்தது ஏதோ ஸ்கேன் எக்ஸ்ரே. ஒரு சந்தேகம் போனதும் நிம்மதி வரவில்லை, அது காலி செய்த சீட்டில் அடுத்தது வந்து உட்கார்ந்தது. சரி, இவன் இல்லை. அப்படியானால் ரயில்வேக்காரர்களுக்கு அவன் பெயரைக் கொடுத்தது யார்? போன மாதம் ரயில்வே ஆபீசிலிருந்து போன் வந்தது. தேன் தடவின குரல். "மிஸ்டர் தியாகேசன் பக்கிரிசாமி தானே? அப்பாவோட டைரி ஏதும் உங்ககிட்ட இருக்கறதா கேள்விப்பட்டோம். விசாரணைக்குக் கொண்டுவந்தீங்கன்னா உதவியா இருக்கும்." கேள்விப்பட்டோம். யாரிடம் கேள்வி? இந்த ஊரில் அவனுக்கு ரேஷன் கார்டு கிடையாது, ஓட்டு கிடையாது, கரண்ட் பில்கூட அக்கா பெயரில். டைரி இருப்பது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவன், அக்கா, அத்தான். அவன் சொல்லவில்லை. அக்கா சொன்னால் அவள் வீடு போகும். அத்தான் சொன்னாலும் அதே வீடுதானே போகும்? போகாமல் இருக்க அவருக்கு மட்டும் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால்? நாற்பது வீடு போய் ஒரு வீடு நிற்கிற மாதிரி? மனுஷனை இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று ஒரு பக்கம் கூசியது, இன்னொரு பக்கம் நினைத்துக்கொண்டே போனது. காலையில் பன்னிரண்டு இட்லி கட்டிக் கொடுத்தாளே அக்கா, இரண்டு பேருக்கு எதற்குப் பன்னிரண்டு?

பையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். டைரியா, கரையான் தின்றுவிட்டது சார். எத்தனை லேசான வாக்கியம். சொல்லிப் பார்த்தான், உதட்டுக்குள். அதைச் சொல்கிற வாய், பொய்யைக் கேட்ட அப்பாவின் வாய் மாதிரியே கோணிக்கொள்வதாகத் தோன்றியது. ஒரே ஒரு சாவி தளர்ந்திருந்தால் '2 சாவி மாற்றினேன்' என்று தப்பாகக்கூட எழுதாதவர். ஒரு சாவிக்கு ஒன்று என்றுதான் எழுதுவார். தெருவில் யாராவது பொய் சொன்னால் அந்த இடத்தில் நிற்கமாட்டார். பதினைந்து வயசில் ஒருநாள் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தூரத்திலிருந்து அவரைப் பார்த்திருக்கிறான். போட்டுப் பல மாசமான அக்காவின் கீற்றுக் கொட்டகை பாதை மேலேயே குறுக்காக உட்கார்ந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தின் மேல் அப்பா நின்றார். சுத்தியலால் ஒரு தடவை தண்டவாளத்தைத் தட்டினார். டங். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அப்புறம் வரப்பில் இறங்கி, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி ஏறி நடந்தார். அவளோடு அவர் பேசி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு தட்டு எதற்கென்று தியாகேசன் அன்றிலிருந்து யோசித்திருக்கிறான். வாசலில் வந்து கூப்பிடுகிற தட்டா? சாவி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற தட்டா? அம்மாவைக் கேட்டிருக்கலாம், ஆனால் அவன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அம்மாவே அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வண்டி ஓடாத பாதையில் இந்த மனுஷனுக்குத் தினம் என்ன வேலை, யார் வீட்டுக்குப் போகிறார் என்று. சுற்றிக்கொண்டு போனவர் அன்று ராத்திரி டைரியில் என்ன எழுதியிருப்பார்? பாதை சரி என்றா? எது சரி, பாதையின் மேல் வீடு இருக்கும்போது? இந்தக் கேள்வி இத்தனை நாளாக ஏன் தோன்றவில்லை. அவன் பையைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூணாம் கேட்டில் பஸ் நின்றபோது அத்தான் இறங்கவில்லை. அவன் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மாப்ள, எறங்கு. பையோட," என்றார்.

"என்ன அத்தான்?"

"எறங்கேன். ரயிலா வந்து மோதப்போவுது?"

இறங்கினான். மேட்டுக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றார்கள். பின்னால் பஸ்ஸின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அன்வர் பாய் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு, பதில் இல்லாததால் பீடி பற்றவைத்தார். அத்தான் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். அப்புறம் டிக்கெட் கட்டுப் பிடித்திருக்கிற தகரத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மடிப்பெல்லாம் நைந்து, அரசாங்கத் தாளின் பழுப்பு ஏறி. பார்த்ததுமே தியாகேசனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதான் கிழிச்சீங்களா?"

"நான் கிழிப்பனா? ஒங்கப்பாரு கிழிச்சுக் குடுத்தாரு. படி."

முன்பக்கம் பத்தாம் தேதி. பாதை சரி. பின்பக்கம், 11.6.91, அதே நீல மை, அதே சாய்வு எழுத்து: 'கல் 14, கம்பம் 6. பாதை மீது குடிசை. போட்டது என் மகள் நீலாயதாட்சி, அவள் புருஷன் மதியழகன். எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. மேலே தெரிவிக்க வேண்டும்.'

"அன்னிக்கு வந்து வெளிய நின்னு சொன்னாரு, மொகத்தப் பாக்காம. ஒங்கக்கா உள்ள படுத்திருந்தா, நாலு மாசம். எங்க போவம் மாமான்னேன். எனக்கு நீ மருமவன் இல்ல, நான் ஒனக்கு மாமா இல்ல, இது கவர்மெண்டுப் பாதைன்னுட்டுப் போயிட்டாரு. மறுநா விடியக்காத்தால மறுபடி வந்தாரு. தண்டவாளத்த ஒரு தட்டு தட்டுனாரு. நான் போனேன். இந்தத் தாள எங்கையில குடுத்தாரு. 'மேல அனுப்பல. இன்னியிலேந்து நான் எழுதுறது பொய்யி. அந்தப் பொய்ய நான் சொமக்கறேன். நீ ஒண்ணு செய்யி, பஸ்சுல போறியே, கேட்டுல எறங்கிப் பாத்துட்டுப் போ. யாராவது ஒருத்தன் பாக்கணும்'னாரு. அவ்ளோதான் மாப்ள. முப்பத்து மூணு வருசமா எறங்குறன்."

தியாகேசன் வாயில் வந்தது அந்தப் பழைய சந்தேகம்தான். "ஆபீசுக்கு எம்பேரக் குடுத்தது?"

"நான்தான். ஒங்கிட்ட டைரி இருக்குன்னும் நான்தான் சொன்னேன்."

"ஏன் அத்தான்? என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ எங்களுக்காவக் கொண்டாந்தியா, ஒங்கப்பாருக்காவக் கொண்டாந்தியான்னு எனக்கு எப்புடித் தெரியும்? நீ அந்தப் பைய வூட்டுலயே வச்சிட்டு வெறுங்கையோட வந்து ஏறியிருந்தன்னு வையி, இந்தத் தாளு இந்தத் தகரத்துலயே கெடந்திருக்கும். காலையிலேந்து அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன். இருவத்து மூணு வருசம் ஒரு லெட்டரு போடாத ஆளு, எத நம்பிக் குடுக்குறது?" அத்தான் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ரெஜினாம்மாகிட்ட காட்டிட்டேன், நேத்து. பன்னண்டாந் தேதியிலேந்து அவரு எழுதுனது எல்லாம் பொய்யின்னா, அந்த நாளுலேந்து பாதையப் பாக்க ஆளில்லன்னு ஆவுதாம். கணக்கு சரியா முப்பத்து மூணாம். ஆனா ஒம்பது டைரியும் சேந்து வந்தாத்தான் இந்தத் தாளுக்கு மரியாதையாம். இதக் குடுத்தா வூடு நிக்கும் மாப்ள, நாப்பத்தியொண்ணும். மாமா பேரு நிக்காது. கவர்மெண்டு டைரியில பொய் எழுதுனவருன்னு கோர்ட்டு பேப்பருல ஏறிடும். ஒங்கக்காகிட்ட நான் இன்னும் சொல்லல. அவ அவரு பெத்த புள்ள, அவளக் கேக்க எனக்கு வாயி வரல. நீயும் புள்ளதான். அதான் ஒங்கிட்ட விட்டுட்டேன்."

பஸ்ஸுக்குள்ளிருந்து சந்தனமேரி கத்தினாள். "தொர, எம்மீனு உசுரோட வந்துச்சு, கருவாடா எறங்கப்போவுது!"

"வர்றண்டி, சிக்னல் வுழல!" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார் அத்தான். விசிலை வாயில் வைத்தார்.

"அத்தான். ரிட்டயர்மெண்டு அன்னிக்கு அப்பா மைக்குல ஒண்ணு சொன்னாரே. நீங்களும் அக்காகூட வேப்ப மரத்தடியில நின்னீங்கள்ல. பாதை எப்பச் சாவும்னா..."

அத்தான் விசிலை எடுத்தார். "'நடக்கிறவன் பொய் எழுதுற அன்னிக்கு.' எங்களப் பாத்துத்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒங்கக்கா ரெண்டு நா சோறு திங்கல, அவரு ஏன் அப்புடிச் சொன்னாருன்னு நான் அவகிட்டச் சொல்லவும் இல்ல." ஊதினார்.

மறுபடி பின் படிக்கட்டுக்கு அடுத்த சீட்டு. பஸ் மேட்டில் ஏறி இறங்கியபோது மடியில் பை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அவன் கயிற்றை அவிழ்த்தான், இப்போது யாரும் பார்க்கவில்லை, அத்தான் முன்னால் போய்விட்டார், போனவர் திரும்பவே இல்லை. தொண்ணூற்றொன்று, ஜூன் பன்னிரண்டு. பாதை சரி. ஜூன் பதின்மூன்று, பாதை சரி, 1 சாவி மாற்றினேன். அந்த ஒரு சாவி உண்மையாகத்தான் இருக்கும். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறி, முழு ஐந்து கிலோமீட்டரும் நடந்து, ஒரு சாவியை மாற்றிவிட்டு வந்து, இரண்டே சொல்லில் மட்டும் பொய். முந்தின நாளுக்கும் அன்றைக்கும் எழுத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தான். தெரியவில்லை. பேனாவை அழுத்தியதுகூட ஒரே அழுத்தம். ஐந்து வருஷம் இப்படி எழுதினார். மேடையில் ஏறி, மாலையோடு நின்று, எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார், அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் அந்த நேரம் பார்த்துத் திரும்பியிருக்கிறான். இல்லாவிட்டால் என்ன, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. அந்த வியாழக்கிழமைக் கிழவர்கள் கேட்பார்கள், எந்தத் தேதி போடுவது, எந்தச் சொல், ஆதாரம் என்ன என்று. பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் ஏதாவது எழுத வேண்டும், காலியாக விட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. வெளியே குறிச்சியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அக்காவுக்குத் தெரியாது. சாயங்காலம் அவளிடம் யார் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது, தண்டவாள நிலைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். பன்னிரண்டு இட்லி. ரெஜினாம்மாவுக்கும் அன்வர் பாய்க்கும் சேர்த்துத்தான் கட்டியிருப்பாள், வேறென்ன. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான், முழுசாக நம்பிவிடவும் முடியவில்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். கிழிந்த தாளை அதன் இடத்தில் வைத்து, ஒன்பது டைரிகளையும் மேசை மேல் வைத்தான். படிவத்தில் நாலாவது சொல்லுக்கு எதிரே குறியிட்டான். எந்த நாளிலிருந்து என்ற கட்டத்தில் 12.6.1991 என்று எழுதினான். யாருடைய பதிவின்படி என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.